ஊருக்குத் தெரியட்டும்

சங்கரன்கோவிலில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. என் மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "கோமதியம்மன் சன்னதியில, சக்கரத்துல உக்கார வச்சிப் பாரு. எல்லாம் சரியாயிரும்." சன்னதிக்கு முன்னால் இருக்கும் அந்தச் சக்கரக் குழியில் மனசு சரியில்லாதவர்களை உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் யார் தொட்டாலும் அலறுகிற பிள்ளையை அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிறுத்துவது எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்கள் போன வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் பாதி வரிசையிலேயே திரும்பி வந்தோம்.

பிறகு அவனை வெளியே கூட்டிப் போவதையே விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் விசைத்தறிக் கூடத்துக்குப் போனதும் உள்பக்கம் பூட்டிக்கொள்வேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், மகன் ரோட்டுக்குப் போய்விடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டான். அவனுக்குப் பேச்சும் வரவில்லை. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? சோறு பொங்கும்போதும் துணி துவைக்கும்போதும் இதே கேள்விதான். கேட்டுக் கேட்டு எனக்கே என் மேல் எரிச்சல் வரும்.

வாரம் ஒருமுறை அரசுப் பள்ளி ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்; அதற்கு மட்டும் கூட்டிப் போவேன். அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூர்க்காரர். தோட்டத்துப் பிச்சிப்பூவைப் பஸ்ஸில் கொண்டுவந்து சங்கரன்கோவில் பூச்சந்தையில் போட்டுவிட்டு, அப்படியே மகனோடு பயிற்சிக்கு வருவார். அவர் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. அவனும் பேச மாட்டான். நான் மூலையில், மகனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னட்டி, பிள்ளைய களவாண்டுட்டா வந்த? இப்படி மறைக்கே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"நீங்க சக்கரத்துல உக்கார வச்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்கு உக்காரணும்? அவன் நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான் மண்டை சூடாவுது. நான்தான் போய் உக்காருதேன்."

அப்படிப் பேசுகிறவரிடம் எதையும் கேட்கலாம் என்று தோன்றியது. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டேன். எல்லாரையும் போல, கடவுள் பார்த்துக்கொள்வார் என்பார் என நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"நம்மளுக்கப்புறம் ஊருதான் பாக்கணும். ஊருக்கு இவன யாருன்னே தெரியாட்டா எப்படிப் பாக்கும்? நாமதான் தெரிய வைக்கணும். நாளைக்குச் சந்தைக்குக் கூட்டிட்டு வா."

மறுநாள் போனேன். ஏலக் கூச்சலுக்கு நடுவில், டீக்கடை முன்னால் நின்றுகொண்டு அக்கா குரலை உயர்த்தினார். "அண்ணாச்சி, எல்லாரும் பாத்துக்கிடுங்க. எம் மவன உங்களுக்குத் தெரியும். இந்தச் சின்னப் பயலுக்கும் அதேதான், ஆட்டிசம். பேச மாட்டான். தொட்டா கத்துவான். ரோட்டப் பாக்காம நடப்பான். தனியா கண்டா கையப் பிடிக்காதீங்க, பின்னாலயே போங்க."

மூட்டை தூக்குகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. "இப்படிக் கத்திச் சொல்லக் கூச்சமா இல்லையாக்கா?" என்றேன்.

"பூ விக்கக் கத்துதோம். பிள்ளைக்காகக் கத்துனா என்ன?"

அதன் பிறகு வாரா வாரம் போனோம். பஸ்ஸில், காய்கறிக் கடையில், கோவில் வாசலில், எல்லா இடத்திலும் அக்கா இதையேதான் சொன்னார். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தர், "இதையெல்லாம் எங்கட்ட ஏன் சொல்லுதிய?" என்றே கேட்டார். அக்கா சளைக்கவில்லை, அவரிடமே இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

ஒரு முகூர்த்த நாளுக்கு முன்தினம். தன் மகனுக்குக் காய்ச்சல் என்று அக்கா வரவில்லை. நான் மட்டும் பிள்ளையோடு சந்தைக்குப் போயிருந்தேன். கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் ஒரு லோடு வண்டி ஹாரன் அடித்ததும், மகன் என் கையை உதறிக்கொண்டு ஓடினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் ஆளைக் காணோம். டீக்கடைக்கு ஓடி, மகனைக் காணோம் என்றேன். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, "பேசாத பய ஓடிட்டான், ஆளுக்கொரு பக்கம் போங்கடே!" என்று சத்தம் போட்டார். நான் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஓடினேன். தண்டவாளம் அந்தப் பக்கம் என்பதுதான் மனதில் இருந்தது.

ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், நடுரோட்டில் என் மகன் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ, அவன் நடைக்கு ஊர்ந்து வந்தது. டிரைவர் ஒரு கையை வெளியே நீட்டி, ஹாரன் அடிக்க வேண்டாம் என்று பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் சைகை காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பெட்டியும் பையுமாக இருந்த ஒரு அம்மா, "மெதுவா போங்க தம்பி, பய மிரண்டுரப் போறான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்ப் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டேன். டிரைவரை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"கையப் பிடிச்சா கத்துவான்லாக்கா. அதான் கூடவே வாரேன். தண்டவாளம் வந்துட்டா வண்டிய குறுக்க போட்டுரலாம்னு இருந்தேன்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷன், நான் பக்கத்தில் இல்லாதபோது என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வழக்கமான அதட்டல் குரலில் சொன்னார்:

"சரி, கண்ணத் தொடச்சிக்கோ. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒருத்தருக்கும் அவனத் தெரியாது. அடுத்த வாரம் அங்கன கூட்டிட்டு வா."