கடைசி வரிசை

இடம் பார்க்கப் போனால் அவள் முதலில் மேடைக்கு முதுகைக் காட்டி நடப்பாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, இவள் ஒரு மடக்கு நாற்காலியோடு போய்க்கொண்டே இருப்பாள். கடைசி வரிசை எங்கே வருமோ அங்கே நாற்காலியை விரித்து உட்காருவாள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, சாலை இரைச்சல் எவ்வளவு கேட்கிறது, கழிவறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மேடையில் நிற்பவர்களின் முகம் தெரிகிறதா அல்லது முன்வரிசைக்காரர்களின் பின்மண்டை மட்டும்தானா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "வேணாம்" என்பாள். பெரும்பாலும் அதைத்தான் சொல்வாள்.

திறந்தவெளிக் கல்யாணங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். சமையல்காரர்கள், பூ அலங்காரக்காரர்கள், கூடாரம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் நாற்காலியம்மா. கோபத்துக்குப் பேர் போனவள். ஒரு மாப்பிள்ளை அவளிடம், "பின்னாடி உக்கார்றவங்களைப் பத்தி என்ன மேடம், அவங்க சாப்பிடத்தானே வர்றாங்க" என்று சிரித்தான்.

"அப்போ பொட்டலம் கட்டி அவங்க வீட்டுக்கே அனுப்பிடுங்க தம்பி. நீங்க ரெண்டு பேரும் நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு கல்யாணம் பண்ணிக்கோங்க."

நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா மறுநாள் அவளைத் தேடி வந்தாள். என்னையும் பின்னாடிதான் உட்கார வைப்பார்கள் என்று சொன்னாள்.

அவள் கணவன் மேடை விளக்குப் போடுகிறவன். லைட்காரன். அவர்கள் சந்தித்தது ஒரு சண்டையில். அவன் நட்ட விளக்குக் கம்பம் கடைசி வரிசையை மறைக்கிறது என்று அவள் கத்தினாள். அவன் கம்பத்தை நகர்த்தவில்லை. அவளுடைய நாற்காலியை எடுத்து இரண்டடி தள்ளிப் போட்டு, "இப்போ தெரியுதா?" என்று கேட்டான். தெரிந்தது. அதற்குப் பிறகு இடம் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்துக் கல்யாணம். மேடையில் மாலை மாற்றுகிற நேரத்தில் ஒரு விளக்கு அணைந்தது. சரிசெய்யக் கம்பத்தில் ஏறியவன் விழுந்தான். முதுகெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், படத்தில் விழக்கூடாது என்பதற்காக. அதை அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை அவள் அதற்குப் பிறகு எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் சக்கர நாற்காலிக்கு வந்தான். வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, அவளுக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசினான். வெளியே போக மாட்டான். உறவுக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பான். கல்யாணப் பேச்சு வந்தாலே இவனுக்கு வயிறு கெட்டுவிடுகிறது என்று அவன் தம்பி கேலி செய்தான். அவனும் கூடச் சிரித்தான்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. நாற்காலியம்மா தேடித் தேடி, வாசலிலிருந்து மேடைவரை சக்கரம் தடையில்லாமல் உருளக்கூடிய இடங்களாகப் பார்த்து வைத்தாள். மகள் எதையும் போய்ப் பார்க்கவில்லை.

"நானே ஒரு இடம் பாத்துட்டேம்மா. வந்து பாரு. கோவப்படாம பாரு."

"கோவப்படற மாதிரி இடமா?"

"நீ எதுக்குத்தான் கோவப்படல?"

மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் அம்மாவும் காரில் வந்தாள். தபால் நிலையத்தில் வேலை. ஓயாமல் பேசுவாள். நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் கார் திரும்பியதும் நாற்காலியம்மாவுக்கு எந்த இடம் என்று பிடிபட்டுவிட்டது. கார் நின்ற இடத்தில் கருங்கல் படிகள் தொடங்கின. செங்குத்தானவை. பாதிக்கு மேல் கைப்பிடியும் கிடையாது. உச்சியில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

"இதுல உங்கப்பா எப்படிடி ஏறுவாரு?"

"நாலு பேர் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"தூக்கிட்டு வர்றதுக்கு அவர் என்ன பீரோவா?"

"அம்மா, அத்தை இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும்."

"இல்லன்னா கீழ ஒரு பெரிய டிவி வெச்சிடலாம். அதுல பாத்துக்கறேன்னு அப்பாவே..." மகள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்பாவே?"

"ஒண்ணுமில்ல. ஏறு."

ஏறினார்கள். மேலே அகலமான புல்வெளி. மூன்று பக்கமும் தண்ணீர். அவள் பழக்கப்படி கடைசிவரை நடந்து நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். தரை மேடைப் பக்கமாக மெல்லச் சரிந்து இறங்கியது. யார் தலையும் யாரையும் மறைக்காது. மேடை வரவேண்டிய இடத்தில் நின்ற மகளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குறையும் சொல்ல முடியாத இடம். அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இதே இடத்தில் முன்பு உட்கார்ந்திருக்கிறாள். அப்போது கணவனும் ஏறி வந்தான், தன் காலால். "இங்க விளக்கே வேணாம். தண்ணியே வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கும்" என்றான். அவள்தான் வேண்டாம் என்றாள். வயதானவர்கள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்றாள். அதன்பிறகு இந்த இடத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பாடா! ஆனா ஏறினதுக்கு மோசமில்ல. இங்க தண்ணியே வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்குமாமே. உங்க வீட்டுக்காரர் சொன்னாராம். ரசனையான மனுஷன் சம்பந்தி!"

நாற்காலியம்மா எழுந்து மகளிடம் போனாள். மகள் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தது. இருந்தும் கேட்டாள்.

"அவர்தான் சொன்னாரா?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல. தெரியும்."

"தெரிஞ்சுமா தலையாட்டின?"

"அவர் அழுதாரும்மா!" மகளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ கத்துவ, அவர் அழுவாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்கயாவது நின்னு கல்யாணம் பண்ணிக்கணும். எங்கன்னு நீயே சொல்லு."

அவள் நாற்காலியை மடக்கினாள். மடக்கிய சத்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்தினாள்.

வீட்டில் அவள் கணவன் தொலைபேசியில் யாரிடமோ, மேடம் வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டிருந்தான். அவள் மடக்கு நாற்காலியை மேசைக்கு எதிரே விரித்து உட்கார்ந்தாள். அவன் தொலைபேசியை வைத்தான்.

"மேல காத்து நல்லா வருதா?"

"வருது. உங்க வயித்துக்குத்தான் ஒத்துக்காது."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகம் இடம் கொடுக்கவில்லை.

"என் தொழில்ல என்னையே ஏமாத்தப் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சதிலேயே ஏற முடியாத இடமாப் பாத்து எடுத்திருக்கீங்க."

"நல்ல இடம்தானே?"

"நல்ல இடம். நீங்க வராம இருக்கறதுக்கு ரொம்ப நல்ல இடம்."

அவன் சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நான் கீழ கிடந்தேன். வலி தெரியல. நிமிர்ந்து பாத்தா அந்தப் பொண்ணு கையில மாலையோட என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. கூட்டம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என்னைப் பாக்குது. அந்தப் பொண்ணு கல்யாணம் என்னால கெட்டுது. நம்ம பொண்ணு கல்யாணத்துலயும் எல்லாரும் இந்த வண்டியைத்தான் பாப்பாங்க."

"அந்தக் கல்யாணம் ஒண்ணும் கெடல. மாலை மாத்தினாங்க, சாப்பிட்டாங்க, படம் புடிச்சாங்க. உங்களைப் பின்வாசல் வழியா அனுப்பினாங்க. இப்போ நீங்களே உங்களைப் பின்வாசல் வழியா அனுப்பறீங்க. அவங்க பண்ணினதையே நான் இன்னும் பொறுக்கல. நீங்க பண்றதைப் பொறுப்பேனா?"

"ஊருக்கெல்லாம் கடைசி வரிசை பாக்கற. எனக்கு அந்த வரிசையும் வேணாம்னா விட மாட்டியா?"

"விட மாட்டேன்."

"என் இஷ்டம்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கணும். புள்ளைகிட்ட அழுது அது மூலமா சொல்லக்கூடாது."

அவன் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தான். கதவு முழுதாக மூடவில்லை. வண்டியின் பின்பகுதி தடுத்தது. அவள் எழுந்து உதவவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு வேன் வாசலுக்கு வந்தது. அவனை ஏற்றினார்கள். மகளும் ஏறினாள். நாற்காலியம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னாள். மடக்கு நாற்காலி வீட்டிலேயே கிடந்தது.

முதல் இடத்தில் மணல். சக்கரம் பாதி புதைந்தது. அவள் மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம்" என்றாள். இரண்டாவது இடத்தின் வாசலிலேயே உயரமான ஒரு நிலைப்படி. "சமாளிச்சுடலாம் மேடம், ஒரு நாளைக்குத்தானே, ஒரு பலகை போட்டுடலாம்" என்றான் அந்த இடத்துக்காரன். "நீங்க பலகை மேல நடந்து உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் போவீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

"எல்லாருக்கும் நல்லா வேடிக்கை காட்டுற" என்றான் அவன். வீட்டிலிருந்து கிளம்பியபின் அவன் முதலில் பேசியது அதுதான்.

மூன்றாவது, ஆற்றோரத்தில் மூடிக்கிடந்த மரக்கடையின் மைதானம். லாரிகள் ஓடி இறுகிய தரை. ஆங்காங்கே புல். ஓரமாக ஒரு வாகை மரம். அழகான இடம் என்று சொல்ல முடியாது. அவள் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடைசி வரிசை வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டாள்.

"நான் இனிமே உக்கார மாட்டேன். நீங்க உக்காந்து பாத்து சொல்லுங்க."

திரும்பிப் பார்க்காமல் மரத்தடிக்கு நடந்தாள். அங்கே மகளை நிற்கவைத்துவிட்டுத் தள்ளி நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்திருந்தான். ஆற்றைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. மகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். அவள் அம்மா அசையவில்லை.

"இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல!" என்று அவன் கத்தினான்.

"என்ன தெரியல?"

"அவ மூஞ்சி தெரியல! மரத்து நிழல்ல இருட்டா இருக்கு. ரெண்டு பக்கமும் விளக்கு வேணும்."

"அங்கேர்ந்து சொன்னா எனக்கு எப்படிப் புரியும்? கிட்ட வந்து காட்டுங்க."

"யாராவது வந்து தள்ளுங்க!"

மகள் ஓரடி எடுத்து வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவன் வாய்க்குள் ஏதோ திட்டினான். அவளைத்தான். பிறகு பூட்டை விடுவித்து, இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளி முன்னால் வரத் தொடங்கினான். பாதி தூரத்தில் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து மரத்தை அண்ணாந்து பார்த்தான். மறுபடியும் தள்ளினான்.

"புல்லு மேல ஏத்தாதீங்க, நேரா வாங்க" என்று அவள் அதட்டினாள். அவளுடைய கோபம் இன்னும் இறங்கவில்லை.