ஒன்பது துண்டும் ஒரு நட்சத்திரமும்

மனுஷனுக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே சம்பளம் தரும் தொழில் ஒன்று உண்டு. அதைத்தான் நான் ராஜபாளையத்தில் ஏழெட்டு வருஷம் பார்த்தேன். பேசாத பிள்ளை, படிப்பு ஏறாத பிள்ளை, ‘ஒரு மாதிரியான’ பிள்ளை என்று யாரைக் கூட்டி வந்தாலும், சோதித்துப் பார்த்துப் புத்திக்கு எத்தனை வயது என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் மையம் எங்களுடையது. எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம்.

உங்களில் யாராவது சின்ன வயதில் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டு, உங்களைப் பற்றி உங்கள் தலைக்கு மேலேயே இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறீர்களா? மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

பச்சைப் பெட்டி

எங்கள் மையத்தின் மொத்தச் சொத்து ஒரு பச்சைத் தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்டாப்வாட்ச், கேள்வித்தாள், அப்புறம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு மரப்பலகை. பலகையில் பத்துப் பள்ளங்கள் இருக்கும். வட்டம், சதுரம், முக்கோணம் என்று அவற்றுக்குப் பத்து மரத்துண்டுகள். பிள்ளை எத்தனை விநாடியில் பத்தையும் அதனதன் பள்ளத்தில் வைக்கிறது என்று பார்த்து, அட்டவணையில் விரலை ஓட்டினால் புத்தியின் வயது வந்துவிடும். ரயில்வே டைம்டேபிள் பார்ப்பதை விடச் சுலபம்.

அதில் நட்சத்திரத் துண்டு மட்டும் எப்போதோ தொலைந்துபோய், எங்கள் டைரக்டர் உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிப் புதிதாகச் செய்து வைத்திருந்தார். டைரக்டர் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் போட்ட கணக்கை அவரே திருத்தமாட்டார், மற்றவர்கள் எங்கே திருத்துவது? முதல் நாள் எனக்கு வேலை பழக்கினார். நான் வைத்தபோது நட்சத்திரம் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. அவர் முஷ்டியை மடக்கி ஒரு குத்துவிட்டார், முக்கால்வாசி இறங்கியது. பிறகு சொன்னார்: “மெட்ராஸ் மரம் வேற, நம்ம ஊர் மரம் வேறம்மா. புத்தியுள்ள பிள்ளைன்னா குத்திருவான்.”

குடை

கேள்வித்தாளை யாரோ நகரத்து மனிதர், வீட்டைவிட்டு வெளியே வராமலே எழுதியிருக்க வேண்டும். ‘மழை பெய்யும்போது வெளியே போனால் என்ன கொண்டு போவாய்?’ என்று ஒரு கேள்வி. சரியான விடை: குடை. ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமுக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அவன் யோசிக்கவே இல்லை. “சாக்கு” என்றான்.

விடைத்தாளில் சாக்கு இல்லை. பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் நின்ற அவன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நான் வட்டம் போட்டதற்கு அர்த்தம் கேட்டாள். குடை என்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அந்தம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஒரு கையில குடையப் புடிச்சா, ரெண்டு மாட்டையும் யாரு டீச்சர் புடிப்பா, நீங்க வாறீகளா?”

பால்கோவா

மகேஸ்வரி எங்களிடம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஊர் தளவாய்புரம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள், கேள்வி கேட்டால் வாய் திறக்கமாட்டாள் என்று புகார். ‘வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்’ என்று சீட்டு வாங்கி வந்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாகத் தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளையின் படிப்பு முழுக்க என் பேனாவில் இருந்தது. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேரைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் மனசில் ஓடியது.

ஒன்பது துண்டுகளை அவள் வைத்த வேகத்துக்கு ஸ்டாப்வாட்ச் திணறியது. பத்தாவதாக நட்சத்திரத்தை எடுத்தாள். பள்ளத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். எடுத்துப் பலகைக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மூன்று முறை சோதனை, மூன்று முறையும் இதே கதை. ‘முடிக்கவில்லை, முயற்சியும் இல்லை’ என்று எழுதினேன். உற்சாகப்படுத்துவதற்கு நாங்கள் பால்கோவா கொடுப்பது வழக்கம். விரலில் ஒட்டுவதை அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டைரக்டர் சாருக்கு அதற்கு மேல் சோதனையே தேவைப்படவில்லை.

“ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே வேண்டாங்குதுன்னா, கேஸ் ரொம்ப முத்திருச்சும்மா.”

கண்

கூட வந்த அப்பா மாரியப்பன், பஞ்சாலையில் இயந்திரங்களைப் பொருத்தும் ஃபிட்டர். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடிதான் பதில் சொன்னார். நடுவில், ஃபேனில் பேரிங் போய்விட்டது, கழன்று விழுவதற்குள் மாற்றுங்கள் என்றார். நான் கேட்காததற்குப் பதில் சொல்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. (அடுத்த வாரமே ஃபேன் நின்றுவிட்டது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

‘பேசுகிறவர் கண்ணைப் பார்க்கிறாளா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம். கேட்டேன். ‘தகப்பனார் மழுப்புகிறார்’ என்று நான் ஓரத்தில் எழுதக் காரணமாக இருந்த பதில் இது: “எங்க வீட்டுல யாரு கண்ணையும் யாரும் பாக்கமாட்டோம் டீச்சர். கண்ணப் பாத்தா, பேசுறது காதுல விழாது.”

‘புத்தி வயது மூன்று. வகுப்புக்கு ஏற்றவளல்ல’ என்று சீட்டு எழுதினேன். கீழே என் கையெழுத்தை அழகாகப் போட்டேன்.

புது வார்த்தை

அதே மாதம் மதுரையில் மூன்று நாள் பயிற்சி. அங்கேதான் ஆட்டிசம் என்ற வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டேன். சத்தம் தாங்காத பிள்ளைகள், கண்ணைப் பார்க்காத பிள்ளைகள், ஒட்டும் பொருளைத் தொடாத பிள்ளைகள், தங்களுக்குச் சரியென்று படுகிற விதத்தில் மட்டும் காரியம் செய்கிற பிள்ளைகள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. புத்தியை அளப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எது வசதி, எது தொந்தரவு, எது நன்றாக வருகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். எங்கள் படிவத்தில் ‘எது நன்றாக வருகிறது’ என்பதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. நான்கு பக்கமும் ‘இல்லை, இல்லை’ என்று எழுதத்தான் இடம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக ஓடி வந்து டைரக்டர் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார், அதை மறுப்பதற்கில்லை.

“அதெல்லாம் மெட்ராஸ், பம்பாய்ப் பிள்ளைகளுக்கு வாறதும்மா. நம்ம ஊர்த் தண்ணிக்கு அது வராது.”

அரை நூல்

மறுநாள் மாரியப்பன் வந்துவிட்டார், கையில் நான் கொடுத்த சீட்டோடு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “பத்தாவது துண்டை வைக்கலைன்னு எழுதியிருக்கீக. அவ எதையும் பாதியில விடுறவ இல்ல. அந்தத் துண்டச் செத்த நேரம் குடுங்க” என்றார். கொடுத்தேன். பள்ளத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார், எடுத்து ஓரமாக வைத்தார். மகள் செய்ததையே அச்சாகச் செய்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பள்ளத்தை அளந்தார், துண்டை அளந்தார். “துண்டு அரை நூல் கூட இருக்கு டீச்சர், அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு. இந்தத் துண்டு இதுக்குள்ள போகாது.”

வேறு பிள்ளைகள் வைத்தார்களே என்று அப்போதும் வாதாடினேன். வெட்கங்கெட்ட வாய். அவர் ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“அவுக குத்தியிருப்பாக. எம்மவ பொருந்தாததப் போட்டுக் குத்தமாட்டா. மில்லுல நான் அப்படிக் குத்துனா மறுநாளே என்னைய வெளிய அனுப்பிருவாக. இங்க குத்துனாத்தான் பாஸா?”

பழைய நோட்டு

அவர் போன பிறகு பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எத்தனையோ பெயர்களுக்கு எதிரே ‘நட்சத்திரத்தில் தோல்வி’ என்று இருந்தது. பாதிக்கு மேல் என் கையெழுத்து. எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது, என் மேல் கோபமும் வந்தது. முகவரி இருந்தவர்களுக்கெல்லாம் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். சிலர் வந்தார்கள். பல கடிதங்கள் திரும்பி வந்தன. கான்சாபுரத்திலிருந்து தனியாக வந்த ஒரு தகப்பனார், மகனை எப்போதோ ஆடு மேய்க்க அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

டைரக்டர் சாரிடம் நட்சத்திரத்தையும் ஒரு ஸ்கேலையும் கொண்டு போய் வைத்தேன். அவர் இரண்டையும் தொடவில்லை.

“புதுசா எழுதணும்னா எழுதிக்கோ. ஆனா நட்சத்திரத்தப் பத்தி ஒரு வரி வரக்கூடாது.”

மணி

நான்கு நாள் லீவு போட்டுத் தளவாய்புரத்துப் பள்ளிக்கூடத்தில் மகேஸ்வரிக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தேன். பெட்டி கொண்டு போகவில்லை. அவள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலேதான் மணி தொங்கியது. அது அடிக்கும்போது எனக்கே பெஞ்சுக்கு அடியில் போகலாம் போலிருந்தது. வாயால் கேட்டால் பேசாத பிள்ளை, சிலேட்டில் கேள்வியை எழுதி வைத்துவிட்டு நகர்ந்தால், நிதானமாக விடை எழுதினாள். வகுப்பிலேயே அவள் கணக்குத்தான் பிசகில்லாமல் இருந்தது.

புதுச் சீட்டு எழுதினேன். அவளுக்கு எது நன்றாக வருகிறது என்பது முதலில். பிறகு, மணிக்குத் தூரமாக உட்கார வையுங்கள், அடிப்பதற்கு முன்னால் சொல்லுங்கள், கேள்வியை எழுதிக் கொடுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். கடைசியில், முன்பு கொடுத்த சீட்டு தவறு, சோதனைப் பலகையின் நட்சத்திரம் பழுது என்று ஒரு வரி. டைரக்டர் சார் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆபீஸ் அமைதியாக இருந்தது.

தலைமை ஆசிரியை சீட்டை இரண்டு தடவை படித்தார். மகேஸ்வரியின் பெயர் ரிஜிஸ்டரில் அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: “இதச் செஞ்சா எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான? ஒரு பிள்ளைக்கு மட்டும்னு எதுக்கு டீச்சர் எழுதியிருக்கீக?”

அப்பாவுக்கு

சீட்டின் நகலை வாங்க வந்தபோது மாரியப்பன் அந்தப் புது வார்த்தையைப் பற்றி நிறையக் கேட்டார். சொன்னேன். வழக்கம்போல ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “இது எனக்கும் இருக்குமோ?” என்றார். பெரியவர்களுக்குச் சீட்டு எழுத எனக்குத் தகுதியில்லை, ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான் என்றேன். அந்த அளவுக்காவது அப்போது புத்தி வந்திருந்தது.

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இம்புட்டு நாளும் மில்லுல எனக்குத் திமிரு புடிச்சவன்னு பேரு. அதுக்கு இது எம்புட்டோ தேவல.”

நட்சத்திரம்

போகும்போது நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் அரத்தால் ராவி, பட்டுப் போல வழவழவென்று கொண்டு வந்தார். மகேஸ்வரியும் கூட வந்தாள். பலகையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஸ்டாப்வாட்சைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். ஒன்பதையும் வைத்தாள். நட்சத்திரத்தை எடுத்துப் பள்ளத்தின் மேல் வைத்தாள். சத்தமே இல்லாமல் இறங்கியது. அதை விரலால் ஒரு முறை தடவினாள். என் முகத்தைப் பார்க்காமல், என் கையில் இருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

“முன்னால தப்பு டீச்சர்.”

ஆயிரம் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதியவள் நான். என்னைச் சரியாகச் சோதித்துச் சீட்டுக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் யாரையும் குத்தாமல், மூன்றே வார்த்தையில்.