மறந்துவிட்டுப் போன துடுப்பு

என் அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எதையாவது மறந்திருக்கிறார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு பங்குனியில் துடுப்பை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்தார். அதைக் கண்டுபிடித்தவள் நான். எட்டு வயதில் அப்பாவிடம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பதென்றால் அது சாதாரணக் காரியமில்லை.

எங்கள் வீடு பொம்மசந்திராவில், கம்பெனிகளின் பின்சுவருக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அந்த ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் குஞ்சு விடுவார்கள், கோடையில் பிடிப்பார்கள். பிடித்ததை அம்மாவும் அத்தையும், அதாவது அப்பாவின் அக்காவும், ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து ஓசூர் ரோட்டோரம் அலுமினியக் குண்டாவில் வைத்து விற்பார்கள். அதற்கு முன்னால் அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் இரும்பு தீட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஓயாமல் இருமுவார். ஏரி வந்தபிறகு இருமல் போனது. ஏரி போனால் பீன்யா திரும்பி வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த ஏரியில் பெண்கள் பரிசலில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கவிழுமாம். மீன் கரைக்கு வந்தபிறகு செதில் உரசுவது, வெட்டுவது, தூக்கிப் போய் விற்பது, மீந்ததைக் கருவாடு போடுவது எல்லாம் பெண்கள் பாடு. தண்ணீர் மட்டும் ஆண்களுடையது. இந்தச் சட்டத்துக்குக் காவல் என் அத்தை. கரையில் சும்மா கிடந்த பரிசலில் நான் என் பொம்மையை உட்கார வைத்ததற்கே, "பொம்மையும் பொம்பளதான்டி, எடு அதை" என்றவர்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு அப்பாவும் சித்தப்பாவும் காப்பு கட்டிக்கொள்வார்கள். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை மீனைத் தொடக்கூடாது, வலையைத் தொடக்கூடாது, பரிசலில் ஏறக்கூடாது. காப்பு கட்டும் நாளன்று அப்பா துடுப்பையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் மேலே இருந்த கொக்கியில் மாட்டிவிடுவார். பங்குனியில் ஏரி தூங்கும், நாமும் தூங்கலாம் என்பார். வெயில் சித்திரையில்தான் கடிக்கும், மழை அதற்கும் பிறகுதான் வரும் என்ற கணக்கில் யாரோ எப்போதோ ஏற்படுத்திய வழக்கம்.

அந்த வருடம் வெயில் மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏரி சுருங்கிப் பச்சையாகக் குழம்பியது. காப்பு கட்டிய நாளில் கொக்கியில் துடுப்பு இல்லை, வலையும் இல்லை. நான் நேரே அப்பாவிடம் போய், "அப்பா, துடுப்பை மறந்துட்டீங்க" என்றேன். அவர் புது மஞ்சள் வேட்டியை இறுக்கிக்கொண்டே, "மறந்தா மறந்துட்டுப் போவுது. நீ போய்ப் பல்லு வெளக்கு" என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். நான் மறந்தால் மட்டும் வீடே கூடிப் பேசும்.

திருவிழாவின் நடுவில், யாரும் கேட்காத ஒரு மழை கொட்டியது. ரோட்டின் அழுக்கையும் சாக்கடையையும் அள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியது. மறுநாள் முழுக்க மூடிய வானம். அதற்கு அடுத்த விடியலில் சித்தப்பாவின் குரல் கேட்டு எல்லோரும் கரைக்கு ஓடினோம். ஏரி முழுக்க வாய்கள். கட்லா மீன்கள் தலையை மேலே நீட்டி, வட்ட வட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

இப்போது நான் மீன்வளம் படிக்கிறேன். தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். வெயிலில்லாத நாளில் பாசி எப்படி மூச்சைக் கொடுக்காமல் எடுக்க மட்டும் செய்கிறது, சூடான தண்ணீர் ஏன் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை என்றெல்லாம் நான் ஆரம்பித்தால் விடுதியில் அறைத்தோழிகள் குளிக்கப் போய்விடுவார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மீன்கள் எதையோ கேட்கின்றன, அப்பாவும் சித்தப்பாவும் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் கயிறுமாகக் கைகட்டி நிற்கிறார்கள் என்பதுதான்.

சித்தப்பா கயிற்றைப் பிடித்து இழுத்தார். "அறுத்துடட்டுமாண்ணா?"

"கட்டுனது அறுக்கறதுக்கா?" என்றார் அப்பா. அவர் சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, ஏரியைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் பரிசலுக்கு நடந்தாள்.

அத்தை குறுக்கே போனார். "ஏ புள்ள, நில்லு. யாரைக் கேட்டு ஏறுற?"

"மீனைக் கேட்டேன் அண்ணி. வாயைத் தொறந்து தொறந்து மூடுது, வேணாம்னு மட்டும் சொல்லல."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை. அம்மா ஏறிவிட்டாள். பரிசல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. இதோ கவிழப்போகிறது என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கவிழவில்லை. அம்மா துடுப்பை மாற்றிப் பிடித்து முன்னால் இழுத்தாள். பரிசல், பழகிய மாடு போல, அவள் இழுத்த பக்கம் போனது. அம்மா பிறந்தது கிருஷ்ணகிரி அணைக்கரையில் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. கல்யாணமாகி வந்தபிறகு அவள் துடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

வலையை இழுக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. கரையில் என்னைத் தவிர கயிறு கட்டாத கை அத்தையுடையது மட்டும்தான். அம்மா பரிசலைக் கரையோரம் கொண்டுவந்து, "அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க. கால் வெச்சதை நீங்க பாக்கலன்னு வெச்சுக்கலாம்" என்றாள். அத்தை நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். "கவுந்தா உன்னோட பேச மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

நடு ஏரியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. ரோட்டோரம் கூவி விற்ற குரல், லாரி சத்தத்தையும் தாண்டும். "தம்பி, காப்பு மீனுக்குத்தானே? மோட்டாருக்கு இல்லையே? கௌடா தோட்டத்து மோட்டாரைக் கொண்டாங்க. ஏரித் தண்ணிய எடுத்து ஏரியிலேயே ஊத்துங்க. நல்லா மேல இருந்து ஊத்தணும்."

சித்தப்பா ஓடினார். பக்கத்து ரோஜாத் தோட்டத்துக் கௌடா மோட்டாரோடு அவரே வந்துவிட்டார். கன்னடத்துக்காரர், எங்களோடு பேசும்போது பாதி தமிழ். "ஏனம்மா, மீனுக்கு மழை பெய்ய வெக்கிறியா?" என்று கத்தினார். "முந்தாநாள் பெஞ்ச மழைக்கு மாத்து மழைங்க" என்றாள் அம்மா. அப்பா பைப்பைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடை மாதிரி விரிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாக நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே மீன்கள் வந்து குவிந்தன. வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின.

இது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று நான் ஆச்சரியப்படவே இல்லை. குண்டாவில் உயிரோடு வைத்திருக்கும் மீன் சோர்ந்தால் அம்மா செம்பில் மொண்டு மேலிருந்து ஊற்றுவாள். தினமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஏரியும் ஒரு பெரிய குண்டா என்று எனக்கும் அப்போது தோன்றியது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது தோன்றாததற்குக் காரணம் எளிது. அவர்கள் குண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அப்பா மதியம் வரை பைப்பை இறக்கவில்லை. கௌடா மாற்றிப் பிடிக்க வந்தபோதும் கொடுக்கவில்லை. நெரிசலைக் குறைக்க அம்மாவும் அத்தையும் பெரிய மீன்களை உயிரோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்லாவில் நிறையப் போய்விட்டது. ரோகும் கெண்டையும் பிழைத்தன. ஜிலேபி மீனுக்கு எப்போதும்போல ஒன்றும் ஆகவில்லை. மாலை ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு இருவரும் ஈரப் புடவையோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். "அக்கா, பேக கொடி, சீக்கிரம் கொடுங்க, பஸ் போயிடும்" என்று ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். அத்தை யாரையும் விடவில்லை. மீனைக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும், பரிசலில் போய்த் தன் கையால் பிடித்த மீன் என்று சொன்னார். பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக்கூட ஒருவருக்குச் சொன்னார்.

ஏரி எங்களிடமே இருந்தது. அப்பா பீன்யாவுக்குத் திரும்பவில்லை. அடுத்த குத்தகையில் அம்மாவின் பெயரும் அத்தையின் பெயரும் சேர்ந்தன. பெண்கள் கால் பட்டால் கவிழும் என்று மீனவர் சங்கத்தில் ஒரு பெரியவர் இழுத்தபோது, "மாரியாத்தா யாரு, ஆம்பளையா? ஏரிக்கே அவதான் காவல் இருக்கா, ஏரி கவுந்துதா?" என்று கேட்டவர் அத்தைதான். சட்டத்துக்குக் காவல் இருப்பதில் அவருக்கு எப்போதுமே ஆர்வம். சட்டம் மட்டும் மாறியிருந்தது. இன்றும் கோடை மழை விழுந்தால் கௌடா எங்கள் போனுக்குக் காத்திராமல் மோட்டாரை அனுப்பிவிடுகிறார். நான் கருவியைத் தண்ணீரில் இறக்கி எண்ணைப் படிப்பதற்குள் அம்மா தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பாதி ஏரியைச் சுற்றி வந்துவிடுவாள். என் படிப்பு அந்த ஏரி போட்ட சோற்றில்தான் வந்தது. அதை நினைக்காமல் நான் ஒரு பாடமும் படித்ததில்லை.

ஆனால் அன்று மாலை நான் நினைத்தது வேறு. அம்மா குண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பைப் பிடித்த கை தூக்க முடியாமல் அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். என் சாமர்த்தியத்தை நிலைநாட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று, "நல்லவேளை நீங்க துடுப்பை மறந்தீங்க. இல்லன்னா அம்மா எதை வெச்சுப் போயிருப்பாங்க?" என்றேன்.

அப்பா, "ஆமா, வயசாவுது, மறதி வந்துடுச்சி" என்றார். அம்மா திரும்பவே இல்லை. கழுவிய குண்டாவை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

அவளை ஏறச் சொல்ல அப்பாவால் முடியாது என்றும், அவள் ஏறுவாள் என்பது அவருக்குத் தெரியும் என்றும், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும் என்றும் எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் விடியலில் அம்மா பரிசலுக்குப் போனபோது நான் அவள் பின்னாலேயே நின்றிருந்தேன். உள்ளே துடுப்பும் வலையும் இருந்தன. மழை வரும் என்று யாரும் நினைக்காத ஒரு நாளில், நனையாதபடி தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்து, அப்பா அவற்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்.