நாலாவது முறை சொன்ன பெயர்

அது 2007. ஓசூரில், பாகலூர் சாலைப் பக்கம் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். நாங்கள் மதுரைக்காரர்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் கணவருக்கு வேலை என்பதைத் தவிர, அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு உறவும் கிடையாது. நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்பிவிட்டது. அம்மா வீட்டில் மகள் பிறந்து, கைக்குழந்தையோடு நான் ஓசூர் திரும்பியபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

எங்கள் வழக்கப்படி, அப்பாதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். "போன்லயே சொல்லிருங்களேன்" என்றேன். "மொகத்தைப் பார்க்காம எப்படிடி பேர் சொல்றது?" என்று மனுஷன் அழாத குறை. வீட்டுக்கு பிராட்பேண்டு போடு, கேமரா வாங்கு, கம்ப்யூட்டரில் அவளைப் பார்த்தே சொல்கிறேன் என்றார். அதற்காகவே விழாவையும் தள்ளிப் போட்டோம்.

டெலிபோன் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். போன் வயரை ஒரு சின்ன டப்பாவில் செருகி, ஒரு வயரைப் போனுக்கும் இன்னொன்றை மோடத்துக்குமாகப் பிரித்தார். "இந்தப் பச்சை லைட் மினுக்காம நின்னு எரியணும் மேடம். அப்பத்தான் நெட் வரும். இந்த லைன்ல வேற போன் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரே போன்தானே? "ஒண்ணுதாங்க" என்றேன், பெரிய இவளாட்டம்.

கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா கன்னடக்காரர். ஆளும் கலகலப்பு, வாயும் கலகலப்பு. மோடத்தைப் பார்த்ததும் கீழே ஓடிப்போய்க் குங்குமம் கொண்டுவந்து அதன் தலையில் பொட்டு வைத்தார். தொழிற்சாலை ஊர் அல்லவா, புது மெஷின் எது வந்தாலும் பொட்டு வைத்த பிறகுதான் சுவிட்சைத் தட்டுவார்கள்.

பொட்டு வைத்தும் அது அடங்கவில்லை. பகலெல்லாம் சமர்த்தாக எரியும் லைட், சாயங்காலம் அவர் கேமரா முன்னால் வந்து உட்காரும் நேரம் பார்த்து மினுக்கும், இணைப்பு அறுந்துவிடும். அவர் மகளின் நெற்றியையும் ஒரு கண்ணையும் பார்த்ததோடு சரி. புகார் சொன்னால், "லைன் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். "கட்டையில போற மோடம்" என்று நான் திட்டாத நாளில்லை.

பெயர் சூட்டும் நாள் காலை. அக்காவே மாவிலை கட்டினார். கணவரோடு வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு வந்து ஹாலை அடைத்துக்கொண்டார்கள். திரையில் அவர் வந்தார், புதுச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக. எல்லோரும் கத்திய கத்தலில் குழந்தையே மிரண்டது. மடியில் அவளை வைத்துக்கொண்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதருகே பிடித்தேன். அவர் வாயைத் திறந்தார். லைட் மினுக்கியது. ஆள் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குழந்தையை, விழாவுக்கு வந்திருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, புகார் சொல்லப் போனை எடுத்தேன். டயல் டோனுக்குப் பதில் அக்காவின் குரல்! யாரிடமோ கன்னடத்தில், "பேக பா, பேக பா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவர் தங்கை. குழந்தையின் அப்பா கம்ப்யூட்டரில் வந்துவிட்டாராம், சீக்கிரம் வராவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமாம்!

அப்போதுதான் உறைத்தது. அக்கா வீட்டில் போன் இல்லை என்று, எங்கள் லைனிலிருந்தே ஜன்னல் வழியாக ஒரு வயரைக் கீழே இழுத்து, அங்கேயும் ஒரு போன் வைத்துக் கொடுத்திருந்தார் என் கணவர். அந்த வயருக்குப் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் டப்பாவும் இல்லை, ஒன்றுமில்லை. அக்கா போனை எடுக்கும்போதெல்லாம் எங்கள் நெட் படுத்துவிடும். இத்தனை நாளும் சாயங்காலம் சாயங்காலம் அவர் கூப்பிட்டுப் பேசியது வேறு எதற்குமில்லை, இந்த விழாவுக்கு ஆள் அழைக்கத்தான்.

படியில் நின்று, "அக்கா, போனை வைங்க! நீங்க எடுத்தா அவரு போயிடுறாரு!" என்று கத்தினேன். "அய்யோ தேவரே, நானாம்மா கட் பண்ணேன்?" என்று, கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டபடி கீழிருந்து குரல் வந்தது. அடுத்த நிமிஷம், வயரைப் பிடுங்கி, வால் தொங்கத் தொங்க டெலிபோனையே இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "இந்தாம்மா, இனி யாரையும் வாயாலேயே கூப்பிட்டுக்கிறேன்!" ஹாலே சிரித்தது.

பச்சை லைட் நின்று எரிந்தது. அவர் வந்தார். படம் பாதியில் உறைந்து வாய் மூடியே இருக்க, குரல் மட்டும் வந்தது. முதல் முறை. இரண்டாம் முறை. மகள் அந்தக் குரல் வந்த பக்கம் கண்ணை உருட்டிச் சிரித்தாள். மூன்றாம் முறை அவருக்கு அழுகை வந்து, பெயர் பாதிதான் வந்தது. நானும் அழுதுவிட்டேன்.

"அழுதா செல்லாது சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க!" என்றார் அக்கா, டெலிபோனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டே. அவர் சிரித்துக்கொண்டே நாலாவது முறையும் சொன்னார்.

அவர் ஊர் திரும்பும்வரை அக்கா அந்த வயரை மறுபடி மாட்டவே இல்லை. பேச வேண்டுமென்றால் மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தால் குழந்தையைக் கொஞ்சாமல் இறங்க மாட்டார். முதல் மூன்று முறை எங்கள் வழக்கத்துக்காகச் சொன்னது. அந்த நாலாவது முறைதான் உறவே இல்லாத ஊரில் எங்களுக்கு ஓர் அக்காவைக் கொடுத்தது என்று, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.