மாற்றாமல் விட்ட இரண்டு குறிகள்

நேற்று மகளின் ஸ்டீல் ஸ்கேல் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. நாற்பதை நெருங்குகிறவளுக்கு இது அழகா, நீங்களே சொல்லுங்கள். அவள் எதையும் கவனிக்கவில்லை. பாலினாமியல் கழித்தலைப் போனில் படம்பிடித்து விடையை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விடைக்கு நாங்கள் ரத்தம் கொடுத்திருக்கிறோம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படித்த பள்ளி. ஊரே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். அல்ஜீப்ரா வராதவளுக்கு வாழ்க்கையே கிடையாது என்று கணக்கு சார் முடிவுகட்டியிருந்தார். கூட்டல் தொல்லையில்லை. கழித்தலில்தான் அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு குறியையும் மாற்றி, கீழே வட்டம்போட்டு எழுத வேண்டும். மாற்றாமல் விட்ட ஒவ்வொரு குறிக்கும் விரல் முட்டியில் ஓர் அடி, ஸ்கேலின் விளிம்பால். காப்பியடித்தால் பத்து.

என் பக்கத்தில் ஸ்டெல்லா. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷிஃப்ட். அன்று வீட்டுக்கணக்கைப் போடாமல் வந்த நான், பிரேயருக்கு முன்னால் அவள் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். அவளோ முதல் குறியை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் விட்டிருந்தாள். ஏழு எக்ஸ் வரவேண்டிய இடத்தில் இருவருக்கும் மைனஸ் எக்ஸ்.

"எவரு காப்பி கொட்டிந்தி?" என்று தெலுங்கில் கேட்டார் சார். யார் பார்த்து எழுதியது என்று.

நான் ஸ்டெல்லாவைக் காட்டினேன்.

ஆறாவது அடியில் முட்டி பிளந்து டெஸ்க்கில் ரத்தம் சொட்டியது. "பஸ் சார், நக்கோ சார்!" போதும், வேண்டாம் என்று கெஞ்சினாள். ஏழாவதுக்கு ஓங்கியபோது ஸ்கேலைப் பிடுங்கி அவர் முகத்திலேயே அடித்தாள். கண்ணாடி உடைந்து கன்னம் கிழிந்தது. வகுப்பே அலறியது. நான் என் நோட்டை மூடிவைத்தேன்.

மறுநாள் டி.சி. கொடுத்துவிட்டார்கள். பள்ளி வாசலிலேயே அவள் அப்பா பெல்ட்டை உருவினார்.

"பாத்து எழுதினேன்னு ஒத்துக்கடி! பரீட்சையாவது எழுத விடுவாங்க!"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். முட்டியில் அடிக்கிற வழக்கமும் ஒழிந்தது, நல்லவேளை. ஸ்டெல்லா குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் சாஃப்ட்வேரில் இருக்கிறேன்.

அன்று வாசலில் பெல்ட்டின் ஒவ்வொரு அடிக்கும் அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள். மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.