எர்லிந்தாவின் காந்தத் தகடு

தீயணைப்பு நிலையத்துக்குச் சற்று முன்னால், வேன் முழுசாக நிற்பதற்குள்ளேயே எர்லிந்தா கதவைத் திறந்துவிடுவாள். குதித்து இறங்கி, வேனின் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத் தகட்டை நகத்தால் நெம்பி, கல்லிலிருந்து ரொட்டியை எடுப்பதுபோல் உரித்து எடுப்பாள். அதில் நீலக் கட்சி வேட்பாளரின் பெயர் பெரிதாக இருக்கிறது. வாக்குச்சாவடிக்கு முன்னால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி எந்தக் கட்சியின் பெயரும் கண்ணில் படக் கூடாது. பின் இருக்கையில் இருக்கும் மருமகள் யாதிரா தகட்டை வாங்கிக் காலடியில் செருகுவாள். வயசானவர்களை இறக்கி, ஓட்டுப் போட வைத்து, திரும்ப ஏற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டியதும் மறுபடி நிறுத்தம். மறுபடி தகடு. பட்டென்று ஒரு அறை.

"ஒட்டிக்கோ ராசா. அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

ஆண்டவர் அவளுக்கு எல்லாம் கொடுத்தார், உட்காரும் வரத்தை மட்டும் மறந்துவிட்டார். டாக்கோவை நின்றுகொண்டே தின்பாள். பூசையிலும் கடைசித் தூணருகே நின்றபடிதான் செபம். வண்டி ஓட்டும்போது வேறு வழியில்லை, உட்கார்ந்தாக வேண்டும். அங்கேயும் கிழிந்த இருக்கையிலிருந்து ஒரு ஸ்பிரிங் எட்டிப்பார்க்கிறது. "எதையாவது விரிக்கணும்டி இதுல," என்று தினமும் சொல்வாள். விரித்ததில்லை. நெளிந்துகொண்டே ஓட்டுவாள். வழியில் கோயில் வந்தால் இரண்டு கையையும் விட்டுவிட்டு சிலுவை போடுவாள். வண்டியில் இருப்பவர்களும் அவசரமாகப் போட்டுக்கொள்வார்கள், அவர்களுடையது பக்தியா பயமா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தேர்தல் வந்தால் ஓட்டுக்காரி. டெக்சாஸின் இந்தத் தென்கோடியில், எல்லை ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பெண் உண்டு. நடக்க முடியாதவர்கள், புருஷனை இழந்தவர்கள், மகன் வடக்கே போய்விட்டவர்கள், எல்லோரையும் அள்ளிக்கொண்டு வந்து ஓட்டுப் போட வைப்பாள். "அரசியல்னா மேடையும் மைக்கும் இல்ல. மூட்டுவலி," என்பாள். அவள் சொன்னால் போடுவார்கள். ஏனென்றால் சாவு வீட்டுக்கு முதலில் வந்து சேரும் சூப் சட்டி அவளுடையதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் கை ஓடவில்லை. காரணம் வேனின் பின் இருக்கையில் இருக்கிறது. மகன் கில்பெர்த்தோ கட்டிக்கொண்டு வந்த யாதிராவுக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் கிடையாது. கில்பெர்த்தோ வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான். நடுவில் சோதனைச் சாவடி இருப்பதால் யாதிரா ஒருநாளும் அங்கே போனதில்லை. எல்லைக் காவலரின் பச்சைக் கோடு போட்ட வண்டி பக்கத்தில் வந்தால் அவள் குனிந்து பைக்குள் எதையோ தேடுவாள். அது போகும்வரை அந்தப் பொருள் கிடைக்காது. எர்லிந்தா அப்போது சத்தமாக வானிலை பேசுவாள்.

சிவப்புக் கட்சி எப்போதுமே எல்லைச் சுவரைப் பற்றித்தான் பேசும். எர்லிந்தாவுக்கு அது பழகிப்போயிற்று. ஆனால் போன தேர்தலில் இந்தப் பக்கத்து ஜனங்களே பாதிப் பேர் அங்கே சாய்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்து அவளுடைய நீலக் கட்சிக்காரனும் இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டு இரும்பு வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். தகட்டில் இருப்பது அவன் பெயர்தான்.

இன்று காலை, சாவடிக்குப் போகும் வழியில், வேன் வானொலியில் அவன் குரல். "நம் வீட்டுக்கு நாமே பூட்டுப் போடுவோம்!"

முன் இருக்கையில் இருந்த டோன் எவரார்தோ தொப்பியைத் தட்டி ஆமோதித்தார். எலுமிச்சைத் தோப்பில் முதுகு வளைந்த மனிதர். "கரெக்டாத்தான் சொல்றான். நான் வந்தப்ப காகிதத்துக்கு வருஷக்கணக்கா வரிசையில நின்னேன். இப்ப வர்றவனுக்கு அவசரம்."

"நீங்க வரிசையில நின்னது பின்னாடி ஐயா," என்றாள் எர்லிந்தா. "முதல்ல டயரைப் புடிச்சுக்கிட்டு ஆத்துல நீந்தினீங்க. உங்க வீட்டம்மாவே என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"அது அந்தக் காலம்!" கிழவர் சிரித்தார். பிறகு பின்னால் திரும்பினார். அவர் முகம் வாடிவிட்டது. "உன்னச் சொல்லல தாயி. நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

"தெரியும் ஐயா," என்றாள் யாதிரா.

அவர்கள் பேசும் ஸ்பானிய மொழியில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான். எதிரில் இருப்பவரைச் சேர்த்துச் சொல்கிறானா, தள்ளிவைத்துச் சொல்கிறானா என்பதைப் பேசுகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வானொலியில் முகம் ஏது? எர்லிந்தா அதை அணைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் போட்டாள். மறுபடி அணைத்தாள்.

போன வாரம் கட்சி போட்ட கோழி விருந்தில் அந்த வேட்பாளரையே நேரில் பிடித்துக் கேட்டுவிட்டாள். "ஏம்ப்பா, நாம நாமன்னு சொல்றியே, அதுல என் மருமக இருக்காளா?" அவன் அவள் தோளில் கை வைத்து, "உங்க வீட்டைப் பத்தி யாரும்மா பேசினா?" என்றான். வாயில் கோழி இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

சாவடி வந்தது. தகடு கழன்றது. கோட்டுக்கு வெளியே, சிவப்புக் கட்சியின் கூடாரத்தில் அவளுடைய தங்கை மகன் ரோலாந்தோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பெரியம்மா! உங்க ஆளும் இப்ப எங்க ஆளு மாதிரியே பேசுறானாமே. அசல் இங்க இருக்கு, நகலை எதுக்குத் தூக்கிச் சுமக்குறீங்க? இங்க வந்துருங்க, நிழலாவது இருக்கு."

"சின்னப் புள்ளையா இருந்தப்ப நீ உளறினா வாயில சர்க்கரையை அள்ளிப் போடுவேன். இப்பவும் போடணுமாடா?"

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து யாதிராவுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான். "அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க சொல்றது உங்கள இல்ல. அவங்கள."

எர்லிந்தா டோன் எவரார்தோவை உள்ளே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் வருவோர் போவோரிடமெல்லாம் மூட்டுவலி விசாரிப்பாள். இன்று வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். டயரை உதைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

யாதிரா தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் 'உன்ன இல்ல'ன்னு சொல்றாங்க அத்தை. அப்ப அவங்க சொல்றது யாரைத்தான்?"

எர்லிந்தா கையிலிருந்த துணியை உதறி மடித்தாள்.

டோன் எவரார்தோ சட்டையில் ஓட்டுப் போட்ட ஸ்டிக்கரோடு வந்தார். அவரை ஏற்றி, பெல்ட்டை மாட்டி, கோட்டைத் தாண்டி வேனை நிறுத்தினாள். வழக்கம்போல் இறங்கினாள். வழக்கம்போல் யாதிரா காலடியிலிருந்து தகட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்து, பெயர் மேலே தெரியும்படி இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினாள்.

எர்லிந்தா வாங்கினாள். கதவருகே கொண்டுபோனாள். தகடு இரும்பை மோப்பம் பிடித்து இழுத்தது. அவள் விடவில்லை.

"என்னம்மா, சீக்கிரம். மாத்திரை போடணும்," என்றார் கிழவர்.

"இதோ ஐயா. அடுத்து ஒஃபேலியா அக்கா வேற காத்துக்கிட்டு இருக்கும்."

தகட்டைத் தன் இருக்கையில், ஸ்பிரிங் எட்டிப்பார்க்கும் இடத்தில் விரித்தாள். அதன்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்து, வேனைக் கிளப்பினாள். வழியெல்லாம் அவள் நெளியவே இல்லை.