‘வருவேன்’ நடுவில் ஓர் அடைப்புக்குறி

டயர் கடைக்கு மேல் மாடியில் பதினாலு பேர் கூடிப் பாடுவார்கள். பதினைந்தாவது ஆள் பேப்பர் அக்கா. அவள் பாட மாட்டாள். பகலில் வக்கீல் ஆபீஸில் பத்திரம் டைப் அடிப்பாள், ஒழிந்த நேரத்தில் குழுவுக்குப் பாட்டுத் தாள் அடிப்பாள். குழுவை நடத்துகிற சொந்த அண்ணன், அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே, “உனக்குக் காதே கிடையாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பீலுக்கு வழியில்லை. அவளும் நம்பிவிட்டாள். ஆனாலும் ஒத்திகை என்றால் முதல் ஆளாக வந்து பதினாலு நாற்காலி போட்டுவிட்டு, கதவோரம் நின்று கேட்பாள். அவ்வளவு ஆசை மகராசிக்கு!

தாளில் பாட்டு வரி இருக்கும். கிட்டாரில் விரல் மாற்றி வேறு கார்ட் என்கிற சுரக்கூட்டைப் பிடிக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஜி, டி, சி என்று அந்தக் கார்டின் எழுத்து நிற்கும். இடைவெளி தட்டித் தட்டி அதை நேராக நிறுத்துவாள். கிட்டார் வாசிப்பது அண்ணி. தலைகீழாகத் தெரிந்த பாட்டானாலும் அண்ணியின் கண் தாளில்தான் இருக்கும். வார்த்தை மங்கலாகத் தெரிகிறது என்று அண்ணி சொல்ல, போன வாரம் பேப்பர் அக்கா நல்ல மனசோடு பாட்டு வரியை மட்டும் பெரிதாக்கி அச்சடித்தாள். அங்கேதான் வினை. கீழே வரி நீண்டுவிட்டது, மேலே எழுத்துகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அண்ணி தாளைப் பார்த்து முன்னாலேயே விரலை மாற்ற, பதினாலு பேரும் பதினாலு பக்கம் போனார்கள். சனிக்கிழமை வானொலியில் ஒலிப்பதிவு. அண்ணன் கொதித்துப் போய், இனிமேல் தாள் வேலையை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக்கொள்கிறேன், நீ மாடி ஏற வேண்டாம் என்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாள் இல்லையென்றால் அந்த மாடியில் அவளுக்கு என்ன வேலை? வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் ஆபீஸில் ஒரு பத்திரம் அடிக்கும்போது பொறி தட்டியது. பெயர் நிரப்ப வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு வைப்பாள் அல்லவா? எழுத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அது பக்கத்துச் சொல்லை விட்டு அசையாது. கார்டையும் அப்படிச் சொல்லுக்குள்ளேயே வைத்தால் என்ன? அடேயப்பா, இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே!

ஆனால் சொல்லுக்குள் எந்த எழுத்துக்கு முன்னால்? சொல்லுக்கு மேலே குத்துமதிப்பாக வைத்த காலம் போயிற்று, இப்போது துல்லியம் வேண்டும். பாட்டுகளைக் கட்டிய அன்றைக்கு அண்ணன் தானே கிட்டார் வாசித்துத் தனியாகப் பாடிப் பதிந்து அனுப்பியவை அவள் போனில் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தடவை ஓரிடத்தில் கிட்டாரின் ஓசை வேறாகக் கேட்டது. விரல் மாறுகிறது! அடுத்த வரியிலும் கேட்டது, அதற்கடுத்த வரியிலும் கேட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையைத் தட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரிக்கிறவளைப் பார்த்து, எந்தக் கேஸில் ஜெயித்தாய் என்று வக்கீல் கேட்டார்.

வியாழக்கிழமை மதியம் கடைசிப் பாட்டு. ‘திரும்பி வருவேன்’ என்ற வரி வந்தது. அவள் பார்த்து அடிப்பதற்காக அண்ணன் கைப்பட எழுதித் தந்த தாளில் டி என்பது ‘வ’ மேல் இருந்தது. போனிலோ ‘வேன்’ வரும்போதுதான் மாறியது. பதினோரு வருஷமாகப் பாடுகிறவர்கள் தடுக்கி விழுந்து, பின்தங்குகிறீர்கள் என்று திட்டு வாங்குகிற இடமும் அதேதான். அண்ணன் கையெழுத்தை நம்புவதா, இல்லாத காதை நம்புவதா? தப்பாகிவிட்டால் மாடிப்படியை மறந்துவிட வேண்டியதுதான். பத்துத் தடவை கேட்டுவிட்டு, வரு[டி]வேன் என்று அடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அண்ணன் கண் நேராக அங்கேதான் போய் நின்றது.

“இதுவும் தப்பு. ‘வ’லயே மாறணும்.”

“அண்ணி, தாள்ல இருக்கிற மாதிரியே ஒரு தடவ வாசிங்க” என்றாள்.

அண்ணி புருஷனைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்து வாசித்தாள். பதினாலு பேரும் அந்த இடத்தை அலுங்காமல் தாண்டினார்கள். ஒருத்தர்கூடத் தடுக்கி விழவில்லை. பாடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இத உனக்கு யாரு சொன்னது?”

“நீங்கதாண்ணா. பாட்டு கட்டின அன்னைக்கு நீங்களே ‘வேன்’லதான் மாத்தியிருக்கீங்க. எழுதும்போதுதான் இடம் தள்ளிப்போச்சு.”

அண்ணன் அவள் போனை வாங்கி மூன்று தடவை கேட்டான். பதினோரு வருஷம் திட்டு வாங்கியவர்களை ஏறிட்டுப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

“நாளைக்கு நீயும் வா. விரல் எங்க தப்பா மாறினாலும் கைய தூக்கு, நிறுத்திடுறேன்.”

“எனக்குத்தான் காதே கிடையாதேண்ணா?”

அண்ணன் மூலைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அண்ணி பக்கத்தில் போட்டான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த அறையில் நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. பேப்பர் அக்கா அதில் உட்கார்ந்தாள்.